அழாத பிள்ளைகள்

இழவு வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். பந்தலுக்குச் சொல்ல ஒருவர், ஐஸ் பெட்டிக்கு ஒருவர், வெளியூருக்குப் போன் போட ஒருவர், வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழ வீட்டுப் பெண்கள். குழந்தைக்கு மட்டும் வேலை கிடையாது. அதைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, இட்லி கொடுத்து, டி.வி.யைப் போட்டுவிடுவார்கள். செத்தது அதன் அப்பாவாகவே இருந்தாலும் அப்படித்தான். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டும் என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் தூக்கிவருவார்கள். மொட்டையடித்து, யாரோ ஒரு பெரியப்பா கையைப் பிடித்துச் சடங்கை முடிப்பார். "அவனுக்கு என்ன தெரியும், சின்னப்புள்ள" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அந்தப் பையன் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு விளையாட்டு விளையாடுவான். ஒருவனைப் படுக்கவைத்து, செம்பருத்திப் பூவைப் பிய்த்து மேலே போட்டு, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் தூக்கிப் போவார்கள். படுத்திருந்தவன் சிரித்துக்கொண்டே எழுந்து ஓடுவான். மறுபடியும் அவனைப் பிடித்துப் படுக்கவைப்பார்கள். பார்த்துவிட்ட பெரியவர் முதுகில் ஒன்று வைப்பார். "விளையாடுற விளையாட்டப் பாரு!" அன்றோடு அந்த விளையாட்டு நின்றுவிடும்.

அதற்குப் பிறகு பையன் அமைதியாகிவிடுவான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான், படிக்கச் சொன்னால் படிப்பான். கடையில் எதையும் கேட்டு அடம்பிடிக்க மாட்டான். ஊர் மெச்சும்: "அப்பா போனதுலேர்ந்து எவ்வளவு பொறுப்பாயிட்டான் பாருங்க." அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நமக்குத் தெரிந்த நியாயம். அழாத பிள்ளையிடம் போய் நீ ஏன் அழவில்லை என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

குழந்தைகளுக்கான மனநல சிகிச்சை என்றதும் அடங்காத பிள்ளையை அடக்குகிற வித்தை என்றே பலர் எண்ணுகிறார்கள். டாக்டரிடம் அழைத்துவரப்படுகிறவர்களும் பெரும்பாலும் வகுப்பில் அடிக்கிற, கடிக்கிற, கத்துகிற பிள்ளைகள்தான். பிறருக்குத் தொல்லை கொடுக்கும் துயரம் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடுகிறது. ஆனால் இந்தத் துறையின் முக்கியமான திறப்புகளில் ஒன்று, தொல்லையே கொடுக்காத குழந்தையைக் கூர்ந்து பார்த்ததில் நிகழ்ந்தது.

1952இல் லண்டனில் ஒரு படம் மருத்துவர்களுக்குத் திரையிடப்பட்டது. லாரா என்கிற, இரண்டரை வயதுகூட நிரம்பாத சிறுமி, தொப்புள் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்ததை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் எடுத்த மௌனப் படம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் தாய் குழந்தையோடு தங்க முடியாது. குறித்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவே. முதலில் அழும், பிறகு பழகிவிடும் என்பது நர்ஸுகளின் அனுபவம். பழகிய குழந்தை கட்டிலில் அடங்கிக் கிடக்கும். அந்த அடக்கத்தை எல்லோரும் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். ராபர்ட்சனுக்கு அதில் சந்தேகம் இருந்தது. அழுமூஞ்சிக் குழந்தையாகப் பார்த்துப் பொறுக்கினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டுவாக்கில் ஒரு பெயரை எடுத்தார். குறித்த நேரத்தில்தான் படம்பிடித்தேன் என்பதற்குச் சாட்சியாக, சுவரிலிருந்த கடிகாரமும் படத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டார்.

குருட்டுவாக்கில் அகப்பட்டதோ வயதுக்கு மீறிய நிதானம் உள்ள குழந்தை. லாரா கதறவில்லை. முகத்தை இறுக்கிக்கொள்கிறாள், உதடு நடுங்குகிறது, பொம்மையைக் கட்டிக்கொள்கிறாள், அம்மா எங்கே என்று கேட்கிறாள். நாள் போகப்போக, அம்மா வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடைசி நாளில் தன் சாமான்களையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அம்மா நீட்டிய கையை மட்டும் பிடிக்கவில்லை.

படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. தங்கள் வார்டுகளில் இப்படியெல்லாம் கிடையாது என்றார்கள். ஆனால் திரும்பிப்போய்த் தங்கள் வார்டுகளையே பார்த்த சிலருக்கு, அடங்கிக் கிடந்த குழந்தைகள் வேறுவிதமாகத் தெரிய ஆரம்பித்தார்கள். 1959இல் ஆஸ்பத்திரிக் குழந்தைகளின் நலன் குறித்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் குழந்தையை எந்நேரமும் வந்து பார்க்கவும், சிறு குழந்தையோடு தாய் தங்கவும் பரிந்துரைத்தது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கடியில் பாயை விரித்து அம்மா படுத்திருக்கிற காட்சிக்கு எந்தக் குழுவின் அறிக்கையும் தேவைப்படவில்லை; அந்த விஷயத்தில் நாம் முன்னாலேயே போய் நின்றோம். நமக்குச் சிக்கல் வேறு இடத்தில்.

ராபர்ட்சனுக்கு அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது, உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்காமும் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தைகளுக்கான காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே கொதிகலனுக்குக் கரி போடவும் பழுது பார்க்கவும் வேலைக்குச் சேர்ந்தவர் ராபர்ட்சன். அங்கு ஒரு விதி இருந்தது. வேலை எதுவானாலும், குழந்தைகளிடம் கண்டதைச் சிறு அட்டையில் எழுதிக் கொடுக்கவேண்டும். கரி அள்ளுகிறவரும் எழுதினார். குழந்தையைக் கவனிக்கப் பட்டம் வேண்டியதில்லை, ஆனால் பயிற்சி வேண்டும் என்பது அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் காப்பகத்தின் பதிவுகளில் ஒரு நான்கு வயதுப் பையன் வருகிறான். விமானத் தாக்குதலில் அவன் அப்பா இறந்துபோயிருந்தார். அவன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1941 வசந்தகாலத்தில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, ஒரு தட்டு நிறையக் காகித வீடுகளை வைத்துக்கொண்டான். கூரை போட்டு அடுக்குவான், கோலிக்குண்டுகளை மேலே போட்டுத் தகர்ப்பான், மறுபடி அடுக்குவான். மற்றக் குழந்தைகளின் குண்டுவீச்சு விளையாட்டில் ஆட்கள் செத்தார்கள். இவன் விளையாட்டில் எல்லோரும் எப்படியோ கடைசி நேரத்தில் தப்பித்துவிடுவார்கள். வீடுகளும் திரும்ப எழும்பிவிடும். மாதக்கணக்கில் இது நடந்தது. பிறகு ஒருநாள், அப்பா செத்துப்போய்விட்டார் என்று அவனே வாய்விட்டுச் சொன்னான். சொன்ன பிறகு அந்த விளையாட்டை விட்டுவிட்டான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இழவு வீட்டுப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். புதிதாக ஒருவர் வாசலில் நுழையும்போதெல்லாம் அந்த மனைவி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "நேத்து ராத்திரிகூட நல்லாத்தான் சாப்புட்டாரு, நாலு மணிக்கு எந்திரிச்சித் தண்ணி கேட்டாரு..." நூறு பேர் வந்தால் நூறு முறை. முதல் முறை சொல்லும்போது இருந்த குரல் நூறாவது முறை இருக்காது. இடையில் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கும். நம் ஊர், பெரியவர்களுக்குப் பதினாறு நாள் அவகாசமும், ஒப்பாரி பாடத் துணையும், கேட்க ஆளும் கொடுத்திருக்கிறது. அதே வேலையைத்தான் அந்தப் பையன் தகர டப்பாவைத் தட்டிச் செய்துகொண்டிருந்தான். செத்தவன் எழுந்து ஓடுகிறானா, இல்லையா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைத்தான் ஓர் அடியில் நிறுத்தினோம்.

விளையாட்டு குழந்தைக்குப் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை உதறிய மருத்துவர்களில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் ஒருவர். முதல் உலகப்போருக்குப் பிந்தைய போலந்தில் பணியாற்றியவர். பசியும் நோயும் நிறைந்த இடத்தில் சில பிள்ளைகள் உடைந்துபோக, வேறு சிலர் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1928இல் லண்டனில் குழந்தைகளுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். எச்.ஜி. வெல்ஸ் தன் மகன்களோடு தரையில் உட்கார்ந்து விளையாடியதைப் பற்றி எழுதிய, 1911இல் வெளிவந்த சிறு புத்தகம் அவர் மனதில் தங்கியிருந்தது. சின்னஞ்சிறு மனிதர்கள், வீடுகள், விலங்குகள், வேலிகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்துவைத்தார். மணல் நிரப்பிய துத்தநாகத் தட்டும், தண்ணீரும் பக்கத்தில். பிள்ளைகள் பெட்டியிலிருந்ததை எடுத்து மணலில் நட்டு ஒவ்வொரு நிலத்தை உண்டாக்கினார்கள். அதற்கு 'உலகம்' என்று பெயர் வைத்ததும் பிள்ளைகள்தான். சிலருடைய உலகில் எல்லா விலங்குகளும் வேலிக்குள் அடைபட்டிருக்கும். சிலருடையதில் வீடு இருக்கும், ஆள் இருக்க மாட்டார். கேள்வி கேட்டால் ஒரு சொல்லும் வராத பிள்ளை, முக்கால் மணி நேரத்தில் மணலில் தன் வீட்டைக் காட்டிவிட்டுப் போனது.

இப்படி விளையாட்டு வழியே சிகிச்சை தரும் அறையில் இன்று என்னதான் நடக்கிறது? வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம், அதே அறை. பொம்மைகள் போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். சிகிச்சையாளர் தரையில் உட்கார்ந்திருப்பார். என்ன விளையாடுவது என்று பிள்ளைதான் தீர்மானிக்கும். அவர் "சூப்பர்" என்று கைதட்ட மாட்டார். "ஏன் அந்த பொம்மையைப் போட்டு அடிக்கிறே?" என்று கேட்கவும் மாட்டார். "அந்த பொம்மை மேல உனக்கு ரொம்பக் கோவம் போல" என்பார். பிள்ளை ஆமாம் என்றால் ஆமாம், இல்லையென்றால் இல்லை. பாராட்டு கிடைத்தால் குழந்தை பாராட்டுக்காக விளையாட ஆரம்பித்துவிடும். விசாரணை வந்தால் வாயை மூடிக்கொள்ளும். வர்ஜினியா ஆக்ஸ்லின் என்ற உளவியலாளர் 1947இல் இந்த முறையைப் புத்தகமாக எழுதினார். குழந்தையை அவசரப்படுத்தாதே என்பது அவர் வகுத்த நெறிகளில் ஒன்று. எளிதாகத் தோன்றும். ஒரு மணி நேரம் ஒரு குழந்தையின் பக்கத்தில் எதையும் கற்றுக்கொடுக்காமல், திருத்தாமல், போனைப் பார்க்காமல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

எல்லையும் உண்டு. பொம்மையை அடிக்கலாம், என்னை அடிக்கக் கூடாது. மணலைக் கொட்டலாம், ஜன்னலை உடைக்கக் கூடாது. நேரம் முடிந்தால் கிளம்பவேண்டும். உள்ளே பொங்குகிறது எவ்வளவு பெரியதானாலும் அறை உடைந்துபோகாது, எதிரே இருக்கும் ஆளும் உடைந்துபோக மாட்டார் என்பதைக் குழந்தை வாராவாரம் சோதித்துப் பார்த்துக்கொள்கிறது.

விளையாட்டு ஒன்றே வழி என்று சொல்லவரவில்லை. நாய்க்குப் பயந்து தெருவில் இறங்காத பிள்ளைக்கு, பயத்தைப் படிப்படியாக நெருங்கிப் பழகவைக்கும் முறை நன்றாகவே பலன் தருகிறது: முதலில் படம், அப்புறம் தெருக்கோடியில் கட்டியிருக்கும் நாய், அப்புறம் இன்னும் நாலு அடி. பாலியல் கொடுமைக்கோ விபத்துக்கோ ஆளான பிள்ளைகளுக்கு, நடந்ததைச் சிறுகச்சிறுகச் சொல்லவும் எழுதவும் உதவி, பெற்றோரையும் கூடவே உட்காரவைக்கும் முறைகள் இருக்கின்றன. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். பேச்சு வராத, கவனம் நிற்காத பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு பயிற்சி. இவற்றுக்கிடையே எது சிறந்தது என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பெற்றவர்கள் பக்கத்திலேயே இருக்க, பாட்டி இருக்க, அன்பான டீச்சர் இருக்க, ஒரு குழந்தை ஏன் வாரம் ஒரு நாள் ஓர் அந்நியரிடம் போய்த் தன் மனதைத் திறக்கவேண்டும்? நாம் போதாதா? இந்தக் கேள்வி பல தாய்மார்களைக் குத்துகிறது. "எங்கிட்ட சொல்லாதத அவங்ககிட்ட சொல்றானாம்."

உங்களிடம் சொல்லாததற்குக் காரணம், நீங்கள் அவனுக்கு அவ்வளவு முக்கியம் என்பதுதான். அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா அழுகிறாள். ஒரு முறை பார்த்துவிட்டான், போதும். அதற்குப் பிறகு அவன் கேட்க மாட்டான். போட்டோவைப் பார்க்க மாட்டான், அல்லது அவள் குளிக்கப் போயிருக்கும்போது பார்ப்பான். பள்ளியில் அப்பா பெயரைச் சொல்லிக் கேலி செய்ததை வீட்டில் சொல்ல மாட்டான். சொன்னால் அவள் உடைந்துவிடுவாள். அவள் உடைந்தால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஆறு வயதுப் பிள்ளை போடும் கணக்கு இது. சண்டை போடும் பெற்றோரின் பிள்ளை ஜோக்கடிக்கக் கற்றுக்கொள்கிறது. குடித்துவிட்டு வரும் அப்பாவின் பிள்ளை செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைய ராத்திரி எப்படியிருக்கும் என்று சொல்லிவிடும். தம்பியை முன்கூட்டியே தூங்கவைத்துவிடும். நாம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் முகத்தை நாள்பூரா பார்த்து, நம்மைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வேலையை அவர்கள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த அறையில் இருக்கும் அந்நியரை அவன் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் அழ மாட்டார். பெருமைப்படவும் மாட்டார். அப்பாவை வெறுக்கிறேன் என்று சொன்னால், "செத்தவங்கள அப்பிடிச் சொல்லாதே" என்று வாயைப் பொத்த மாட்டார். அந்த முக்கால் மணி நேரம் மட்டும் பெரியவர்களைக் காக்கும் பொறுப்பிலிருந்து குழந்தைக்கு விடுப்பு. சிகிச்சையில் நடக்கும் மற்ற நல்லதெல்லாம் இந்த விடுப்பிலிருந்துதான் கிளைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த விடுப்பை ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கே கொடுக்க முயன்ற இடம் ஒன்று தமிழ் மண்ணில் இருந்தது. போர்க்கால இலங்கையின் மட்டக்களப்பு. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள்; அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்து வளர்ந்தார்கள். 1996இல், பால் ஹோகன் என்ற கனடாக் கலைஞரும், பால் சற்குணநாயகம் என்ற இயேசு சபைப் பாதிரியாரும், உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' ஒன்றைத் தொடங்கினார்கள். ஹோகன் அதற்கு முன் டொராண்டோவில் உடற்குறை உள்ள பிள்ளைகளுக்காக இப்படியொரு தோட்டத்தை நடத்தியவர்.

இரு சமூகத்துப் பிள்ளைகளையும் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வருவார்கள். களிமண், சாயம், செடி, கதை, பாட்டு, நாடகம். வாராவாரம், மாதக்கணக்கில். வந்தவர்களிடம் உனக்கு என்ன நடந்தது என்று விசாரிப்பது அங்கே முதல் வேலையாக இல்லை. களிமண்ணில் என்ன வருகிறதோ வரட்டும் என்று விட்டார்கள். கூட இருந்து நடத்திய இளைஞர்களும் அதே போரில் வளர்ந்தவர்கள். ஒரு டாக்டருக்கு எத்தனை நோயாளி என்ற கணக்கு வைத்தால் மட்டக்களப்புக்கு ஆயுசுக்கும் சிகிச்சை போய்ச் சேர்ந்திருக்காது. மரத்தடியில், ஆத்திரப்படாத பெரியவர்கள் சிலர் நடுவில், வெளியே ராணுவமும் சோதனைச் சாவடியும் இருக்க, பிள்ளைகள் சில மணி நேரம் பிள்ளைகளாக இருந்தார்கள். அதைச் சிகிச்சை என்று சொல்லலாமா என்று புருவம் உயர்த்துகிறவர்கள் உண்டு. நான் சொல்வேன்.

எட்டு வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று, அதே கரையைக் கடல் அழித்தது. நாகப்பட்டினத்தையும்தான். உதவ வந்தவர்களில் சிலர் கிரேயானும் தாளும் கொடுத்து முகாம் பிள்ளைகளிடம் அலையை வரையச் சொன்னார்கள். அடுத்த வாரம் வேறொரு குழு வந்து மறுபடியும் அலையை வரையச் சொல்லும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு நாளில் ஊரைவிட்டுப் போகிறவரிடம் மனதைத் திறந்துவிட்டு, அவர் போன பிறகு மூடத் தெரியாமல் நிற்கும் பிள்ளையை யார் பார்ப்பது? பேரிடருக்குப் பின் ஒரே ஒரு அமர்வில் நடந்ததையெல்லாம் கொட்டவைக்கும் முறை வேண்டாம் என்று 2007இல் சர்வதேச வழிகாட்டு நெறிகளே சொல்லிவிட்டன. காகித வீட்டுப் பையனை யாரும் வீடு கட்டச் சொல்லவில்லை. அவனாகக் கட்டினான், அவனாக நிறுத்தினான்.  இரண்டும் ஒன்றாகிவிடாது.

நம் நகரங்களில் இப்போது குழந்தைகளுக்கான ஆலோசனை மையங்கள் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. நல்லதுதான். ஆனால் பெற்றோர் பலர் பிள்ளையைக் கொண்டுவருவது, மெக்கானிக் ஷெட்டில் வண்டியை விட்டுப் போவதுபோலத்தான். "மார்க் குறைஞ்சுபோச்சு, சரி பண்ணிக் குடுங்க. எத்தன சிட்டிங் ஆகும்?" முடிந்ததும் கதவைத் திறந்து, "என்ன சொன்னான்?" உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதை நல்ல சிகிச்சையாளர் பிள்ளையிடமே முதல் நாள் சொல்லிவைப்பார். மற்றபடி அங்கே பேசியது அங்கேயே இருக்கவேண்டும். துருவிக் கேட்டு வாங்கிவிட்டால் விடுப்பு ரத்து. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பிள்ளை சிகிச்சையாளரிடமும் சமர்த்தாக நடந்துகொள்ளும்.

மையத்துக்குப் போக வழியில்லாதவர்கள்தான் அதிகம். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. குழந்தை மனநல மருத்துவரைத் தேடி மாவட்டத் தலைநகருக்கு, அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ, கூலியை விட்டுவிட்டு வாராவாரம் யார் போக முடியும்? ஆபத்திலிருக்கும் குழந்தைக்கு 1098, மனம் பேச ஆள் தேடுகிறவருக்கு 14416 என்று தொலைபேசி எண்கள் இருக்கின்றன. ஒரு ராத்திரியைக் கடக்க அவை உதவும். வாராவாரம் மாறாமல் இருக்கும் அறையாக ஆகிவிடாது.

அமெரிக்காவில் பெர்னார்ட் கர்னி, லூயிஸ் கர்னி தம்பதியர் 1960களில் செய்த காரியம் இந்த இடத்தில் யோசிக்கத்தக்கது. சிகிச்சையாளர் செய்வதைப் பெற்றோருக்கே கற்றுக்கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு அரைமணி நேரம், பிள்ளை சொல்கிறபடி விளையாட வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, மார்க்கைப் பற்றிப் பேசக் கூடாது, பிள்ளை கோபத்தைக் காட்டினால் நொறுங்கக் கூடாது. கடைசியில் சொன்னதற்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. அதாவது, குழந்தை யாரைக் காத்துக்கொண்டிருந்ததோ அவர்களையே, காக்கத் தேவையில்லாதவர்களாக ஆக்குவது. அந்நியர் கொடுத்த விடுப்பு அப்போதுதான் வீட்டிலேயே கிடைக்கும்.

இது கைகூடும்போது வீடு அமைதியாகிவிடும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பல பெற்றோர் பாதியில் சிகிச்சையை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். தாயைப் பிரிந்திருந்து வீடு திரும்பிய குழந்தைகள் சில நாள் தாயை ஒட்டிக்கொண்டும், அடித்தும், ராத்திரி எழுந்து அழுதும் படுத்துவதை ராபர்ட்சனும் அவரோடு பணியாற்றிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் கண்டார்கள். அவர்களைக் கவலைகொள்ள வைத்தது அந்த அழுகையல்ல. அழாமல் விலகியே நின்ற குழந்தைகள்.

கணவனை இழந்த ஒரு பெண் இப்படி வந்து சிகிச்சையாளரிடம் குறைப்படுவதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நன்கறிவார்கள். "வர்றப்ப நல்லாத்தாங்க இருந்தான். ஒரு சொல் எதுத்துப் பேச மாட்டான். இப்ப என்னடான்னா, நேத்து சோத்துத் தட்டத் தூக்கி வீசறான். அப்பா இருந்தா இப்பிடிப் பண்ணுவியான்னு கேட்டேன். அப்பா ஏன் செத்தாருன்னு கத்துறான்."

"ஸ்கூல்ல இப்பிடிப் பண்றானா?"

"இல்லீங்க. அங்க நல்ல பேரு."

"பாட்டிகிட்ட?"

"எங்கிட்ட மட்டுந்தான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது... எனக்கும் அழுக வந்துச்சு. அப்புறம் ரெண்டு பேருமாச் சேர்ந்து சோத்த அள்ளுனோம். தோசை ஊத்திக் குடுத்தேன், தின்னான்."

அவளுக்கு அது தோல்வியின் கணக்காகப் படுகிறது. மகன் தன் கணக்கை வேறு விதமாக முடித்திருக்கிறான். இத்தனை நாளும் அவள் தாங்க மாட்டாள் என்று தானே சுமந்ததை, தாங்குவாள் என்று கண்டுகொண்டதும் அவள் முன்னால் போட்டிருக்கிறான். அவள் அழுதாள், ஆனாலும் அடுப்பைப் பற்றவைத்தாள். அப்பா செத்ததிலிருந்து அவன் தெரிந்துகொள்ள விரும்பியது அந்த ஒன்றைத்தான்.